நாற்பத்திரண்டு வயதில் பிளம்பர் ஆனேன்

பதினேழு வருஷம் நான் நனைந்த சுவர்களைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், வீட்டுச் சேதங்களுக்கான நஷ்டஈட்டுப் பிரிவில் எனக்கு வேலை. ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் என் மேஜையில் கோப்புகள் குவியும். ஒவ்வொரு கோப்பிலும் நாலைந்து புகைப்படங்கள் இருக்கும். உப்பி உரிந்த பெயிண்ட், கறுத்துப்போன மூலை, ஊறிப்போன அலமாரிப் பலகை. படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில் 'கசிவின் காரணம்' என்று ஒரு கேள்வி. பெரும்பாலானவர்கள் அங்கே 'தெரியவில்லை' என்று எழுதியிருப்பார்கள். நான் அதன் கீழே சீல் வைத்து மேலே அனுப்பிவிடுவேன்.

அந்தத் 'தெரியவில்லை' என்னை அரித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் எங்கிருந்தோ வந்துதானே ஆகவேண்டும்? ஒருமுறை பக்கத்து மேஜைக்காரியிடம் கேட்டேன். "உனக்கெதுக்கு அதெல்லாம்? கோப்பு நகர்ந்தா போதும்" என்றாள். கோப்பு நகர்ந்தது. நான் அங்கேயே இருந்தேன்.

எனக்கு நாற்பது வயது நடந்துகொண்டிருந்தபோது, வழக்கமாக வீடுகளைப் போய்ப் பார்க்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கரமனையில் ஒரு வீட்டை அன்றைக்கே பார்த்தாக வேண்டும். மேலதிகாரி என்னை அனுப்பினார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஒரு ஃபைலோடு போய் நின்றேன்.

வீட்டுக்காரர் ஒரு பிளம்பரையும் வரவழைத்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். சட்டைப் பையில் பென்சில், காதில் இன்னொரு பென்சில். வீட்டுக்காரரிடம் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவர், நான் ஃபோனில் என் கணவரோடு தமிழில் பேசியதைக் கேட்டதும் திரும்பினார்.

"நீங்க தமிழா மேடம்? எந்த ஊரு?"

"இங்கேதான். வலியசாலை."

"நான் நாங்குநேரி பக்கம். இங்க வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு." அதோடு அறிமுகம் முடிந்தது. அவர் பையிலிருந்து ஒரு முழம் நீளமுள்ள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதன் முனையைச் சுவரில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் தள்ளி ஊன்றினார். மறுபடி தள்ளி ஊன்றினார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "கேக்கியளா?" என்று அதை என்னிடம் நீட்டினார்.

நான் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ரொம்ப தூரத்தில் யாரோ மூச்சை விடாமல் ஊதுவதுபோல ஒரு சத்தம். மூன்றடி வலப்பக்கம் நகர்ந்தேன். சத்தம் பெரிதாகியது. இன்னும் கொஞ்சம் கீழே. இப்போது காதுக்குள்ளேயே யாரோ சீறுகிறார்கள்.

"இங்கே!" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரித்தபடி அந்த இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, உளியை வைத்துத் தட்டினார். நாலாவது அடியில் காரை பெயர்ந்தது. எட்டாவது அடியில் குழாயில் ஒரு தலைமுடி அளவு வெடிப்பு தெரிந்தது. தண்ணீர் விசிறிபோலப் பாய்ந்து என் ஃபைலை நனைத்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். தன் சுவர் உடைந்ததைப் பார்த்து ஒரு காப்பீட்டு அதிகாரி இப்படிச் சிரிக்கிறாளே என்று வீட்டுக்காரர் என்னை முறைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சிரிப்பு அடங்கவில்லை.

அன்றைக்கு ஒன்பதாவது கட்டத்தில் நான் ஐந்து வரி எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

கிளம்புமுன் அவரிடம், இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கொத்தனார்களோடு வேலைக்கு வந்து, கூடவே நின்று கற்றுக்கொண்டதாகச் சொன்னார். பிறகு, "முறையாப் படிக்கணும்னா சனி, ஞாயிறு கிளாஸ் இருக்கு மேடம். கவர்மென்டு நடத்துதாங்க. வீட்ல யாருக்கும் வேணுமா?" என்றார்.

"ஆமாம்" என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

என் கணவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் உடனே மறுக்க மாட்டார், உடனே ஒப்புக்கொள்ளவும் மாட்டார். அன்று சாயங்காலம் நான் விண்ணப்பத்தைக் காட்டியதும் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு முழுசாகப் படித்தார்.

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

"சரி. நம்மாத்து ஃப்ளஷ் டாங்க் ஆறு மாசமா ஒழுகறது. அதுலேர்ந்து ஆரம்பி."

வகுப்பில் இருபது பேர். நான்தான் வயதில் மூத்தவள். முதல் நாள் எல்லோரும் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அசல் ஆசிரியர் உள்ளே வந்தபோது நானும் அவர்களோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆக்சா பிளேடால் குழாயை நேராக அறுப்பதற்கே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. என் வெட்டு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துபோகும். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. திங்கட்கிழமை அலுவலகத்தில் பேனா பிடிக்கும்போது அந்தக் காய்ப்பு உறுத்தும். யாருக்கும் தெரியாமல் பையில் ஒரு தங்கக் காசு வைத்திருப்பதுபோல அதை நான் கட்டைவிரலால் தடவிக்கொள்வேன்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மீட்டிங்கில் எல்லோரும் திரையைப் பார்க்க, நான் மேலே ஓடும் குழாய்களைப் பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை அலம்பப் போனவள், தொட்டிக்குக் கீழே குனிந்து, எதில் எதை மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பந்திக் கூட்டம் வரிசையில் நின்றது. "தோடு விழுந்துடுத்தா மாமி?" என்று ஒருத்தி என்னோடு சேர்ந்து தேடவே ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் வீட்டு ஃப்ளஷ் டாங்க் ஒழுகுவதை நாலாவது வாரம் நிறுத்தினேன். குளியலறைக்கு வெளியே நின்றுகொண்டு நானும் கணவரும் பத்து நிமிஷம் அமைதியைக் கேட்டோம்.

ஆறு மாதத்தில் வகுப்பு முடிந்தது. அதன் பிறகு கரமனையில் பார்த்த அதே பிளம்பருக்கு ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு வேலைக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"வாங்க. ஆனா ஒண்ணு. வேலை எடத்துல ஒங்கள மேடம்னு கூப்பிட்டா ஒங்களுக்கு வேலை சொல்ல எனக்கு நாக்கு வராது. அக்கான்னு கூப்பிடுதேன்."

என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் வேலை இடத்தில் அவர்தான் மேஸ்திரி. அதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. கூச்சப்பட நேரமும் இருக்கவில்லை.

முதல் மாதம் நான் செய்த ஒரு காரியத்தை இப்போதும் சொல்லிச் சிரிப்பார். ஒரு குளியலறையில் வாஷ்பேசினுக்கு வரும் குழாயின் முனையில் எல்போவை, அதாவது முழங்கைபோல வளைந்த துண்டை, ஒட்டச் சொன்னார். பசையைத் தடவி மாட்டினேன். மாட்டிய பிறகுதான் அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பசை இறுகிவிட்டது. குழாயின் வாய் பேசினைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவர் வந்து பார்த்தார். நான் திருப்பப் பார்க்கிறேன், அது அசையவில்லை.

"விடுங்கக்கா. இனி அது வராது. அறுத்துதான் எடுக்கணும்."

"ஆபீஸ்ல ஒரு கடிதத்தை மூணு தடவை திருத்துவோம்" என்றேன், அழாத குறையாக.

"அது ஒங்க ஆபீசு. இங்க யோசிக்கதெல்லாம் பசை தடவுததுக்கு முன்னால முடிச்சிரணும். பசை தடவின பொறவு கைதான் யோசிக்கணும்."

அன்று மாலை வரைக்கும் பசை இல்லாமல் எல்போக்களை மாட்டி மாட்டிக் கழற்றினேன். குழாயிலும் எல்போவிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒட்டும்போது இரண்டு கோட்டையும் ஒரே நேராகக் கொண்டுவரும் முறையை அன்றுதான் கற்றேன். அதற்குப் பிறகு ஒரு எல்போகூட என்னிடம் திசை மாறவில்லை.

ஞாயிறு எனக்குப் போதவில்லை. வெள்ளிக்கிழமை மாலையிலேயே மனசு பரபரக்கும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போகும்போது நெஞ்சில் கல் விழும். ஒரு நாள் சாப்பிடும்போது கணவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் பாரேன். நான் இருக்கேன் இல்லியா."

அடுத்த வாரம் ராஜினாமாக் கடிதத்தோடு மேலதிகாரியின் அறைக்குப் போனேன். நல்ல மனுஷர். கடிதத்தைப் படித்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்ற கவலையோடு மலையாளத்தில் கேட்டார்.

"வீட்டில் எந்தெங்கிலும் பிரஷ்னம்?"

"இல்லை சார். பிளம்பிங்."

"பிளானிங்? எந்து பிளானிங்?"

"பிளானிங் இல்லை சார். பிளம்பிங். குழாய் வேலை."

அவர் என் முகத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குரலைத் தாழ்த்தி, அவர் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று சொன்னார். பேப்பர் எடுத்து வரைந்து காட்டினார். ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் எனக்கு முதல் வேலையும் கொடுத்தார்.

இதெல்லாம் சுலபமாக நடந்தது. சுலபமாக நடக்காதது வலியசாலையில்தான்.

அம்மா அங்கே அக்ரஹாரத்துத் தெருவில் அண்ணாவோடு இருக்கிறாள். நான் சொன்னதும் அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்த வாழைக்காயைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஊரார் கக்கூஸை ரிப்பேர் பண்ற ஜோலியாக்கும்?"

"அதுவும் உண்டு அம்மா."

"ஏசி ரூம்ல ஒக்காந்துண்டிருந்தாய். நாலு பேர் மேடம்னு கூப்பிட்டா. அதைப் போட்டுட்டு... என்னத்துக்குடி?"

சுவருக்குள் தண்ணீர் சீறுகிற சத்தத்தை எப்படிச் சொல்வது? "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவள் வாழைக்காயை மறுபடி எடுத்துக்கொண்டாள். வேலை முடித்து இந்த வீட்டுக்கு வருவதானால் முதலில் குளித்துவிட்டு வா, அந்தப் பையை வாசலுக்கு உள்ளே கொண்டுவராதே என்றாள். அடுத்த தடவை நான் குளித்துவிட்டுத்தான் போனேன். பையை ஸ்கூட்டரிலேயே விட்டேன். ஆனாலும் அன்றைக்குத் திரும்பி வரும்போது கிள்ளிப்பாலம் தாண்டும்வரை கண்ணீர் கண்ணை மறைத்தது. பல மாதம் அவள் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தனியாக நான் எடுத்த பெரிய வேலை ஸ்ரீவராகத்தில் வந்தது. அந்த வீட்டுக்கு என் மேஸ்திரி ஏற்கெனவே இரண்டு தடவை போயிருந்தார். "மேல பாத்ரூம் லைன் பூரா டெஸ்ட் பண்ணிட்டேன்கா. ஒரு சொட்டு ஒழுகல. ஆனா கீழ சொவரு நனைஞ்சுதான் கெடக்கு. எனக்கு ஒண்ணும் புடி கெடைக்கல. நீங்க போய்ப் பாருங்க" என்று முகவரியைக் கொடுத்தார்.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியை. எழுபது வயதுக்கு மேல். தனியாக இருக்கிறார். கால்சட்டையும் தோளில் பையுமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயாக்குமா பிளம்பர்? ஃபோன்ல பேசினது பிளம்பரோட ஆத்துக்காரின்னு நெனச்சேன்."

"நானேதான் மாமி."

"நன்னாச்சு. உள்ளே வா. ஆனா டைலை ஒடைக்கப்படாது. ஏற்கெனவே ஒருத்தர் பாதி பாத்ரூமை ஒடைச்சாச்சு."

சாப்பாட்டு அறையின் சுவரில், மேஜைக்கு மேலே, ஒரு பெரிய வரைபடம்போல ஈரம் படர்ந்திருந்தது. நான் உளியை எடுக்கவில்லை. என் பழைய வேலையின் புத்தி அன்று முதன்முறையாக எனக்கு உதவிக்கு வந்தது. எப்போது தொடங்கியது, எப்போது அதிகமாகிறது, வீட்டில் யார் யார் வருகிறார்கள் என்று ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். அவருக்கு எதற்கும் நிச்சயமான பதில் தெரியவில்லை.

அதனால் ஒரு பென்சிலைக் கையில் கொடுத்தேன். "மாமி, தினமும் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இந்த ஈரம் எதுவரைக்கும் இருக்குன்னு ஓரத்துல ஒரு கோடு போடுங்கோ. கிழமையும் எழுதுங்கோ. எட்டு நாள் கழிச்சு வரேன்."

"என் சுவத்துல நானே கிறுக்கணுமா?"

"ஆமாம்."

அவர் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை வந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சோதனைச்சாலையில் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு இதைவிடப் பிடித்த வேலையை யாரும் கொடுத்திருக்க முடியாது.

எட்டாவது நாள் மணி அடிப்பதற்குள் கதவு திறந்தது. என்னைச் சுவருக்கு இழுத்துக்கொண்டே போனார். மலைகளுக்கு வரைபடத்தில் கோடு போடுவார்களே, அதுபோல ஈரத்தைச் சுற்றி மெல்லிய பென்சில் கோடுகள். ஒவ்வொன்றின் மேலும் முத்து முத்தாகக் கிழமை, நேரம். வெளியே மழையா வெயிலா என்றுகூட எழுதியிருந்தார்.

"பாரு! மழை பெய்ஞ்ச அன்னிக்கு ஒண்ணும் ஆகல. திங்கக்கிழமை சாயங்காலம் நாலு அங்குலம் நகர்ந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி. மத்த நாள்லாம் இருந்த எடத்துலதான் இருக்கு. ஏன்?"

"திங்களும் வியாழனும் என்ன பண்றேள்?"

"திங்கக்கிழமை கோவில். வியாழக்கிழமை வாசகசாலைக்குப் போவேன்."

இரண்டுக்கும் சுவருக்கும் சம்பந்தமில்லை. இருவரும் யோசித்தோம். திடீரென்று அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"போறதுக்கு முன்னாடி துணியை மெஷின்ல போட்டுட்டுப் போவேன்."

இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். அடுத்த நிமிஷம் நான் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிற சத்தம்.

வாஷிங் மெஷினின் அழுக்குத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும் ஒரு தனிக் குழாயில் போனது. எல்லோரும் தண்ணீர் வருகிற குழாய்களைச் சோதித்தார்கள். தண்ணீர் போகிற இந்தக் குழாயை யாரும் பார்க்கவில்லை. நான் துணிக்குப் போடும் நீலம் கேட்டேன். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கருநீலமாக்கி, அந்தக் குழாய்க்குள் ஊற்றினேன். கீழே வந்து சுவருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். காப்பி போட்டுத் தந்தார். அது ஆறிப்போனது.

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஈரத்தின் மேல் ஓரத்தில் உரிந்திருந்த பெயிண்டை நான் விரலால் சுரண்டினேன். காரை மேல் மங்கலாக, வானத்தின் நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தது.

"நீலம்! நீலம் வந்தாச்சு!" அவர் கை தட்டினார். சின்னப் பெண்போலத் தட்டினார்.

அந்தக் கீற்றைப் பிடித்துக்கொண்டு உளியால் ஒரு கை அகலத்துக்கு மேலே போனேன். போகப்போக நீலம் கறுத்தது. இரண்டடி மேலே, சுவருக்குள், குழாய் திரும்பும் இடத்தில் ஓர் எல்போ இருந்தது. தொட்டேன். அது கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தேன். பசை தடவிய சுவடே இல்லை. வீடு கட்டும்போது மாட்டிப் பார்த்தவர்கள், ஒட்டுவதற்கு மறந்து அப்படியே பூசிவிட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் ஒட்டாமலே தாங்கியது இப்போதுதான் நழுவியிருக்கிறது.

"ஒன்பது வருஷமா யாரோ மறந்துபோனது என் சுவத்துக்குள்ளே இருந்திருக்கு" என்றார் மாமி, அந்த எல்போவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

நான் மேஸ்திரிக்கு ஃபோன் செய்தேன். கழக்கூட்டம் என்ற ஊரில் வேலையில் இருந்தவர் அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து நின்றார். சுவரில் இருந்த பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்போவைப் பார்த்தார்.

"இது எனக்குத் தோணலையேக்கா. நான் காதை வச்சுக் கேட்டேன். நீங்க கேள்வி கேட்டிருக்கிய."

புதிய எல்போவை நான் ஒட்டினேன். கோட்டுக்குக் கோடு நேராக. சுவரைப் பூசி வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, பென்சில் கோடுகள் இருந்த பகுதியை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டாராம் மாமி. அது இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி விளக்குகிறார். அவர் விளக்கியதாலேயே ஸ்ரீவராகத்தில் எனக்கு ஏழெட்டு வீடு வேலை கிடைத்தது.

அவர் விளக்கியது வலியசாலைவரைக்கும் போயிருக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வேறொரு வீட்டில் வேலையில் இருக்கும்போது அம்மா ஃபோன் செய்தாள். அவளாக எனக்கு ஃபோன் செய்து நாளாகியிருந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்து எடுத்தேன்.

"கேட்டியா, கொல்லைப்புறத்து டேப் சொட்டிண்டே இருக்கு."

"மத்தியானம் வரேன் அம்மா."

"நீ வரவேண்டாம். என்ன பண்ணணும்னு சொல்லு. நானே பண்றேன்."

நான் கையிலிருந்த பைப் ரெஞ்சைக் கீழே வைத்தேன். "நீயா?"

"பின்னே? எனக்குக் கை இல்லியா? ஒன் அண்ணாவோட ஸ்கூட்டர் ஸ்பேனர் எடுத்து வெச்சிருக்கேன். கடைலேர்ந்து வாஷரும் வாங்கிண்டு வரச் சொல்லியாச்சு. சொல்லு."

சொன்னேன். முதலில் வெளியே இருக்கும் வால்வை மூடு. டேப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை விடு. தலையைக் கழற்று. அம்மா ஃபோனைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துவிட்டாள். மூச்சு வாங்குகிற சத்தமும், ஸ்பேனர் நழுவுகிற சத்தமும், "சனியனே, வாயேன்" என்ற திட்டும் கேட்டன. அண்ணா ஏதோ சொல்ல, "நீ தள்ளிப் போ" என்று ஒரு அதட்டல். பத்து நிமிஷம் கழித்து வந்தாள்.

"வாஷரை எடுத்துட்டேன். தேஞ்சு அப்பளமா இருக்கு."

"புதுசை வை. ரொம்ப இறுக்காதே."

மறுபடி சத்தங்கள். பிறகு வால்வு திறக்கிற கிரீச். நான் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்காரம்மாவும் என் பக்கத்தில் வந்து நின்று காது கொடுத்தாள்.

"நின்னுடுத்து!" என்று அம்மா கத்தினாள். அந்தக் குரலை நான் என் நாற்பத்திரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. "நின்னுடுத்துடி! ஒரு சொட்டு இல்லே! நான் பண்ணினேன்!"

"நன்னா இருக்கா அம்மா?"

"இதாக்கும் ஒனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னே" என்றாள். பிறகு, அடுக்களையில் ஒரு குழாய் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த முறை நான் போனபோது என் பை வாசலுக்கு உள்ளே வந்தது. அம்மா அதைத் திறந்து ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டாள்.

போன மாதம் விதுராவில் ஒரு புது வீட்டின் குழாய் வேலையை நானும் மேஸ்திரியும் கூட்டாக முடித்தோம். அடித்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை முழு வீடும் நாங்களே செய்தது. பொன்முடிக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில். மூன்று மாதம் நான் அங்கே போய்வந்தேன். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும்.

முதன்முதலாகத் தண்ணீர் திறக்கிற அன்று நான் மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கீழே சமையலறையில் மேஸ்திரி, கூடத்தில் வீட்டுக்காரர்கள்.

"திறக்கட்டுமா?" என்று கத்தினேன்.

"திறங்கக்கா!"

வால்வைத் திருகினேன். குழாய் என் கைக்குக் கீழே நடுங்கியது. வீட்டுக்குள்ளிருந்து காற்று துப்புகிற சத்தம், இருமுவதுபோல. பிறகு சிமெண்ட் கலரில் கலங்கல் தண்ணீர் வந்ததாம். பிறகு தெளிந்ததாம். கீழிருந்து ஒவ்வொரு அறையாகக் குரல் வந்தது. "கிச்சன் ஓகே!" "கீழ் பாத்ரூம் ஓகே!" "வாஷ் ஏரியா ஓகே!" நான் மேலே நின்று ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"மேல் பாத்ரூம்ல வரலைக்கா!"

படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். மேஸ்திரி ஷவரைத் திறந்துவிட்டு அதற்கு நேர் கீழே நின்று, தலையைத் தூக்கி அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே சுவரில் இருந்த சின்ன வால்வைப் பார்த்தேன். காலையில் சோதிக்கும்போது நானே மூடியது. திறக்க மறந்திருக்கிறேன்.

யோசிக்காமல் திருகிவிட்டேன்.

உள்ளே ஒரு அலறல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தலை, சட்டை, காதிலிருந்த பென்சில் எல்லாம் சொட்டச் சொட்ட மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷவரின் வீச்சை நிதானமாக ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரஷர் நல்லாருக்குக்கா" என்றார்.